தென்காசிச் சூரியனும் என் வயிற்றெரிச்சலும்

தென்காசி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்தது சாரல் காற்று. அடுத்த நிமிடம் அடித்தது கோமதியின் புகழ்.

"மேலகரம் போகணுங்க. கோமதின்னு, பாவூர்சத்திரத்துல காய்கறிக் கமிஷன் கடை வெச்சிருக்காங்க..." என்று ஆட்டோக்காரரிடம் ஆரம்பித்தேன்.

"சூரியனப் போட்டோ புடிக்காவல்லா, அந்த அக்கா வீடா? ஏறுங்க."

நான் பத்தொன்பது வருடமாகச் சூரியனைப் படம் பிடிக்கிறேன். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவின் மலையுச்சியில், ஒரு பெரிய தொலைநோக்கியில் எனக்கு வேலை. அந்தத் தீவில் என் பக்கத்து வீட்டுக்காரி இன்றுவரை நான் வானிலை அறிக்கை எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மழை வருமா என்று கேட்டுவிட்டுத்தான் துணி துவைப்பாள். இங்கே ஆட்டோக்காரருக்குக் கோமதியைத் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை முழுக்க எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

கோமதியும் நானும் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து படித்தவர்கள். ஒரே விடுதி அறை. நான் கோயம்புத்தூர்க்காரி, அவள் இந்த ஊர். வகுப்பில் அவள் முதல், நான் இரண்டாவது. படிப்பு முடிந்த வருடம் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஆராய்ச்சிப் படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் வருத்தப்பட்டேனா, நிம்மதிப்பட்டேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அப்படியே இருந்திருந்தால் வம்பில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கி மாடியில் வைத்தாள். ஹைட்ரஜன் வாயு விடும் சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டி பொருத்தியது. அந்த ஒளியில் பார்த்தால் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று மேலே இருக்கும் வளிமண்டலம் தெரியும். அங்கே எல்லாம் இழை இழையாக, சீவி வாரிய தலைமுடி மாதிரி இருக்கும். அந்த இழைகளைப் படிய வைப்பது காந்தப்புலம். காந்தப்புலம் கண்ணுக்குத் தெரியாது. அது எப்படி ஓடுகிறது, எங்கே முறுக்கிக்கொள்கிறது என்பதை இழைகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கோமதி எடுத்த ஒரு படம் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் நிலையத்தின் நடையில், சரியாக என் அறை வாசலுக்கு எதிரே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. தினமும் கதவைத் திறந்ததும் அதில்தான் விழிக்கிறேன்.

இந்த முறை நான் வந்தது அவளைப் பார்க்க அல்ல, அவளுடைய கோப்புகளை எடுத்துப்போக. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

போன தை மாதம் ஒரு நாள், இந்திய நேரப்படி மதியம் மூன்று மணி வாக்கில், சூரியனில் நீளமான கருப்புக் கயிறு ஒன்று அறுந்தது. கயிறு என்றால் நூற்றுக்கணக்கான இழைகள் சடையாக முறுக்கிக்கொண்டு, காந்தப்புலத்தின் தயவில் அந்தரத்தில் தொங்கும் குளிர்ந்த வாயு. அது அறுந்தால் வெடிப்பு. வெடித்தது பூமியின் பக்கம் வந்தால் செயற்கைக்கோள்களுக்குக் கேடு. இதில் ஒரு பழைய சண்டை உண்டு. முதலில் கயிற்றின் இழை பிரிந்து, அப்புறம் அடியில் பளிச்சென்று வெடிக்கிறதா? இல்லை, முதலில் வெடித்து, அப்புறம் இழை பிரிகிறதா? இழை முந்தினால் அதைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்கலாம். வெடிப்பு முந்தினால் ஒன்றும் செய்வதற்கில்லை. வெடிப்புதான் முந்தும் என்பது என் கட்சி. பத்து வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரந்தர வேலைக்கு நான் போட்டிருக்கும் விண்ணப்பமும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த நாளில், அந்த நேரத்தில், எங்கள் பெரிய தொலைநோக்கிக்கு முன்னால் நாற்பது நிமிடம் மேகம். தென்காசியில் வெயில். கயிற்றின் இடது நுனி மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு வெடித்தது என்று விண்வெளித் தொலைநோக்கி சொன்னது. வலது நுனியில் இழை பிரிந்ததை அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருந்தவள் உலகத்திலேயே கோமதி ஒருத்திதான். அவள் கோப்பில் நேரம் மூன்று பன்னிரண்டு. ஆக வெடிப்பு முதலில், ஆறு நிமிடம் கழித்து இழை. என் கட்சி ஜெயித்தது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். முதல் பேர் என்னுடையது. கோமதிக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி. பத்திரிகையின் சார்பில் கட்டுரையைச் சரிபார்த்தவர், அந்தத் தென்காசிப் படங்களின் மூலக் கோப்புகள் வேண்டும் என்று கேட்டார். இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய கோப்புகள். எனக்கும் விடுமுறை பாக்கி இருந்தது, கிளம்பி வந்துவிட்டேன்.

"ஏட்டி, என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட? அங்கன சோறு கெடைக்காதா?" என்று வாசலிலேயே கட்டிக்கொண்டாள் கோமதி. அவள் மெலியவில்லை. தலைமுடியும் நரைக்கவில்லை. இதையும் குறித்துக்கொண்டேன்.

மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். தீவில் எங்களுக்கு வாய்த்தது உப்பில் வெந்து தோல் சுருங்கிய உருளைக்கிழங்கு. மூன்றாவது முறையும் சோறு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பொறாமைப்பட நேரமில்லாமல் சாப்பிட்டேன். அவள் கணவர் போலீஸ், குற்றாலச் சீசன் பந்தோபஸ்து என்று அருவிப் பக்கமே குடியிருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சாப்பிட்டதும் மாடிக்கு ஏறினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயால் மூடிய தொலைநோக்கி. தக்காளி டிரே இரண்டைக் கவிழ்த்து அவள் உட்காரும் ஆசனம். மூன்றாவது டிரேயைப் படுக்க வைத்து, மேலே சாக்கு போட்டு, உள்ளே லேப்டாப் வைக்கும் நிழற்குடில். எங்கள் தொலைநோக்கியை ஓட்ட ஒரு படையே வேலை செய்கிறது. இங்கே மூன்று டிரே, ஒரு சாக்கு.

"இதுல எப்படிடி அவ்வளவு தெளிவா வருது?" என்று கேட்டேன். குரலில் விஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் கையை நீட்டிச் சுற்றிக் காட்டினாள். வீட்டைச் சுற்றி வயல். "தை மாசம் வரைக்கும் இங்கன பூராத் தண்ணி நிக்கும். தண்ணி நின்னா தரை சூடாகாது, காத்து ஆடாது. படம் அசையாது. வேற ஒண்ணுமில்ல."

ஏரிக்கு நடுவில் கோபுரம் கட்டிச் சூரியனைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், இதே காரணத்துக்காக. இவளுக்கு யாரோ நெல் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாரல் தூற ஆரம்பித்தது. மலை முழுக்க மேகம். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

"சீசன் முடியுறவரைக்கும் இப்படித்தான். லேப்டாப்பக்கூடக் கடையிலயே விட்டுட்டேன். நாளைக்குக் கடைக்கு வா, எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்றாள்.

மறுநாள் அவள் இருட்டிலேயே கடைக்குப் போய்விட்டாள். நான் எட்டு மணிக்குமேல் எழுந்து, தென்காசி பஸ் நிலையத்தில் திருநெல்வேலி என்று எழுதியிருந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாவூர்சத்திரம் வழியில்தானே இருக்கிறது. பக்கத்தில் புனலூரிலிருந்து வந்த ஒரு ஜோடி. அந்த அம்மாள் மலையாளத்தில் கணவரைத் திட்டிக்கொண்டு வந்தார்: "மழை வேண்டும் என்றால் நம் வீட்டு முற்றத்திலேயே நின்றிருக்கலாமே, மழையில் நனைய மலை தாண்டி வர வேண்டுமா?" கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவூர்சத்திரம் வந்தது. போயும் விட்டது. எழுந்து ஓடினேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா, இது பாயிண்ட் டு பாயிண்ட்லா, நடுவுல நிக்காது. போர்டப் பாக்காம ஏறுனா நான் என்ன செய்ய? ஆலங்குளத்துல பைய நிறுத்துதேன், எறங்கிக்கிடுங்க."

சூரியனின் எந்த இழை எந்தக் காந்தப்புலத்தில் ஏறி எங்கே இறங்குகிறது என்று எழுதிச் சம்பளம் வாங்குபவள், பலகையைப் படிக்காமல் ஆலங்குளத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பினேன்.

பாவூர்சத்திரம் சந்தையில் கால் வைத்தால் தக்காளி, பக்கவாட்டில் நகர்ந்தால் பூசணி. மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போகிறார்கள். நாம் ஒதுங்குவதற்குள் அவர்களே நம்மை ஒதுக்கிவிடுகிறார்கள். கோமதி ஒரு முருங்கைக்காய்க் கட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கடைக்குள் கை காட்டினாள்.

உள்ளே லேப்டாப்புக்கு முன்னால் முப்பிடாதி அண்ணாச்சி. கேரளா போகும் லாரிகளுக்கு லோடு சீட்டு அடித்துக் கொடுப்பவர். அறுபது வயதிருக்கும். "ரெண்டு லோடு அனுப்பிட்டுத் தாரேன், இருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ரசவடையும் டீயும் வந்தன. வடை ரசத்தில் ஊறி, தொட்டால் உடையும் பதத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் இப்படிக் கிடையாது, தீவில் எப்படியும் கிடையாது.

அப்போது ஒரு லாரி டிரைவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மலையாளி. "என் போனில் மணி பதினொன்று பத்து. நீங்கள் கொடுத்த சீட்டில் பதினொன்று இருபத்தொன்று. நான் கிளம்பவே தாமதம் செய்தேன் என்று அங்கே சொல்வார்களே" என்று அவர் மொழியில் சண்டை பிடித்தார்.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவே இல்லை. "அது கடை மணி வே. ஒம்ம போன் மணி இங்கன செல்லாது. புதுசா வந்திருக்கீரா? மத்தவன்ட்ட கேளும்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நான் பாதி வடையோடு அப்படியே இருந்தேன்.

"அண்ணாச்சி, கடை மணின்னா என்னங்க?"

"கோமதியோட அப்பா, பெரிய முதலாளி காலத்துப் பழக்கம்மா. டிரைவர்மாரு செங்கோட்டையில டீ குடிக்க நின்னுட்டாவன்னா மலையில கூட்டம் சேந்துரும். நேரமாயிட்டுன்னு எங்கயும் நிக்காம ஓடட்டும்னு சுவத்துக் கடியாரத்தப் பத்து நிமிசம் கூட்டி வச்சாவ. அது தானா ஒரு நிமிசம் ஓடிட்டு, மொத்தம் பதினொண்ணு. லேப்டாப் வந்தன்னைக்கு நான்தான் அதையும் கடியாரத்துக்குச் சரியா வச்சேன். இன்டர்நெட்டு வந்து மணிய மாத்திரும்னு அந்த வசதியையும் அணைச்சாச்சு."

"எப்ப இருந்துங்க?"

"வாங்குன நாள்ல இருந்து. நாலு வருசம் இருக்கும்லா. இங்கன எல்லாருக்கும் மனசுக்குள்ளயே கழிச்சுப் பழக்கம்."

கோமதிக்கும் பழக்கம். லாரி பதினொன்று இருபத்தொன்றுக்குக் கிளம்பியது என்றால் பதினொன்று பத்து என்று அவள் மனம் தானாகவே கழித்துக்கொள்ளும். மதியம் கடை அடைத்ததும் இதே லேப்டாப்பை எடுத்துப் போய், சாக்குக்கு அடியில் வைத்து, சூரியனைப் பதிவு செய்வாள். லாரிக்குக் கழித்தவளுக்குச் சூரியனுக்கும் கழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்று பன்னிரண்டில் பதினொன்று போனால் மூன்று ஒன்று. வெடிப்பு மூன்று ஆறு.

இழைதான் முந்தியிருக்கிறது.

டீயை முழுதாகக் குடித்தேன், எதற்கென்று தெரியாமல். கோப்புகளை நகல் எடுத்துக்கொண்டு, கோமதியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மேலகரத்துக்கு ஓடிவந்தேன்.

அன்று பிற்பகல் முழுக்கச் சாரல். நான் அறைக்குள் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கோமதியின் படத்தில் இழைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இரண்டு முறை மின்னி அணைகிறது. விண்வெளித் தொலைநோக்கியும் அதே புள்ளியைப் பார்த்திருக்கிறது. இரண்டு நேரத்தையும் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசம் பதினோரு நிமிடம், சில வினாடிகள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அரை மணி நேர வேலை. என் மாணவர்கள் இதைச் செய்யாமல் விட்டால் திட்டித் தீர்ப்பேன். நான் ஏன் செய்யவில்லை? விடை எனக்குப் பிடித்த மாதிரி வந்திருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட அசிங்கம். அவள் படத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது அது.

இன்னொன்றும் இருக்கிறது. தை மாதமே கோமதி எனக்கு எழுதியிருந்தாள். வலது நுனியில் இழை பிரிவதைப் பதிவு செய்துவிட்டு, கேமராவைக் கழற்றிக் கண்ணை வைத்து, இடது நுனிக்குத் திருப்பியிருக்கிறாள். "அப்பதான்ட்டி அங்க பளிச்சுன்னு ஏற ஆரம்பிச்சுது. இழை முதல்ல, வெளிச்சம் ரெண்டாவது. கண்ணால பாத்தேன்" என்று எழுதினாள். நான் ஒரு வரியில் பதில் போட்டேன்: கண்ணை நம்பாதே, கோப்பில் இருக்கும் நேரத்தை நம்பு. அவள் சரி என்று விட்டுவிட்டாள்.

சரிபார்ப்பவருக்குக் கோப்பை அப்படியே அனுப்பினால் என் கட்டுரையோடு அச்சுப் பிசகாமல் பொருந்தும். பதினோரு நிமிட விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில், அதைச் சூரியனோடு சேர்த்துப் பார்க்காத கோமதியை விட்டால், முப்பிடாதி அண்ணாச்சியும் கேரளா லாரி டிரைவர்களும்தான். அவர்கள் சூரிய இயற்பியல் பத்திரிகை படிப்பதில்லை. சொல்லாமல் விட்டால் என் கட்டுரை நிற்கும், வேலை நிற்கும். சொன்னால் என் பத்து வருடம் போகும், அந்த இடத்தில் கோமதி உட்காருவாள். பேசாமல் கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டு யாருக்கும் இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். வைக்கோற்போர் நாய் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

மூன்றாம் நாள் காலை கோமதி கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள். ஐந்தருவியில் பெண்கள் வரிசை பாம்பாக நீண்டிருந்தது. எல்லார் தலையிலும் எண்ணெய். போலீஸ் விசில் ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு குரங்கு எனக்கு முன்னால் நின்ற சிறுமியின் கையிலிருந்த ரம்புட்டானைப் பிடுங்கி, நிதானமாகத் தோலை உரித்துத் தின்றது.

பின்னால் நின்ற அம்மாள் பேச்சுக் கொடுத்தார். ஆய்க்குடியாம். "நீங்க என்ன வேல பாக்கிய?"

"சூரியனைப் பத்தி ஆராய்ச்சிங்க."

"அதுக்கு இங்கனயா வந்திய? சூரியன் வேண்டாம்னுதானம்மா நாங்கள்லாம் இங்கன ஓடி வாறோம்!" வரிசையே சிரித்தது. கோமதி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அருவி தலையில் விழுந்தபோது ஒரு நினைப்பும் நிற்கவில்லை. வெளியே வந்ததும் எல்லாம் திரும்பி வந்து ஏறிக்கொண்டன. பஜ்ஜி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஏட்டி, ஒன் கட்டுர எப்ப வருது? வந்ததும் அனுப்பு. பேரு கடைசியில நன்றியிலயாவது வருதுல்லா, ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டணும்" என்றாள். பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு மேலகரத்தில் சாரல் நின்றது. மேற்குக் காற்று மேகத்தைப் பிய்த்துக்கொண்டு போக, தலைக்கு மேலே ஒரு நீலப் பொத்தல். கோமதி ஈரத்தலையோடு மாடிக்கு ஓடினாள். நான் ஏறிப் போவதற்குள் தார்ப்பாயை உருவி, கேமரா இல்லாமல் கண்வைக்கும் குழாயை மாட்டியிருந்தாள்.

"வா வா, சீக்கிரம் பாரு. மூடிரும்."

எங்கள் தொலைநோக்கியில் கண் வைக்க இடமே கிடையாது. எல்லாம் கருவிக்குள் போய், எண்ணாக மாறி, திரைக்கு வரும். பத்தொன்பது வருடத்தில் நான் சூரியனின் இழைகளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. டிரேயில் உட்கார்ந்து குனிந்தேன்.

சிவப்பு. அவ்வளவு சிவப்பை நான் எதிர்பார்க்கவில்லை. சூரியத் தட்டின் நடுவே ஒரு கருப்புக் கயிறு, அதன் இரண்டு பக்கமும் வகிடெடுத்துச் சீவியது போல மெல்லிய இழைகள். ஓரத்தில் ஒரு சிறு தழல் எழும்பி நின்றது, அசையவில்லை, ஆனால் உயிரோடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இவள் இதைத் தினமும் பார்த்திருக்கிறாள், நான் எண்களைப் பார்த்திருக்கிறேன். பொறாமையின் அடிவேர் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

"கோமதி, உன்ற லேப்டாப் பதினோரு நிமிஷம் வேகம்."

"அது கடை மணில்லா" என்றாள் சாதாரணமாக. எங்கள் வகுப்பில் அவள் முதல். புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"மூணு பன்னெண்டு இல்லையா? மூணு ஒண்ணா?"

"மூணு ஒண்ணு. நேத்தே சரிபாத்துட்டேன். இழைதான் முதல்ல. நீ பாத்ததுதான் சரி."

நான் நிமிர்ந்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஆறு மாசம்ட்டி. ஆறு மாசமா எங்கண்ணு பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். திருநெல்வேலிக்குப் போயிக் கண் டாக்டர்ட்ட காட்டுனேன், தெரியுமா? ஒண்ணுமில்ல, நல்லாருக்குன்னாரு. நான் நம்பல. அவுரு சொன்னத நம்பல, எங்கண்ண நம்பல, நீ சொன்னத நம்புனேன்."

"நான் சரியாப் பாக்கலடி."

"ஏன் பாக்கல?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வேலைப் பளு என்று சொல்லியிருக்கலாம். "பொறாமை" என்றேன்.

"அது எனக்குப் படிக்கும்போதே தெரியும்" என்றாள் கோமதி. "அது இருந்தாலும் நீ கணக்குல தப்பு விடமாட்டன்னு நெனச்சிருந்தேன். அதத்தான் கோட்டி மாதிரி நம்பிட்டேன்."

அங்கேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, போனில் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், நேரத்தில் பதினோரு நிமிடப் பிழை, முடிவு தலைகீழ், சரியான முடிவை முதலில் கண்டவர் தென்காசியைச் சேர்ந்த கோமதி, அதை அவரே எழுதுவார். அனுப்பியதும் வயிற்றில் இருந்த எரிச்சல் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை, கூடியது.

கோமதி டிரேயில் உட்கார்ந்து கண்ணைக் குழாயில் வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன், கேட்கக் கூடாது என்று தெரிந்தே.

"புள்ளியை வெச்சு நேரம் சரிபாத்த வேலை நான் பண்ணது. கட்டுரையில உன்ற பேருக்குப் பின்னால என்ற பேரு... போடுவியா?"

அவள் கண்ணை எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

மறுநாள் ரயிலுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கைகாட்டினாள். யோசித்துச் சொல்கிறேன் என்ற பதில் மட்டும் வரவில்லை.

தீவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று அவள் எழுதிய கட்டுரையின் வரைவு வந்தது, நேரங்களை எல்லாம் ஒருமுறை பார்த்துச் சொல் என்று. நன்றாக எழுதியிருக்கிறாள், என்னைவிட நன்றாக. நேரங்கள் அத்தனையும் சரி. தலைப்புக்குக் கீழே கோமதி என்று பேர் இருக்கிறது. பேருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பிறகு வெற்றிடம். கை தவறி விழுந்ததா, வேண்டுமென்றே வைத்தாளா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து நாலு முறை கோப்பைத் திறந்து அதைப் பார்த்துவிட்டேன்.